உங்களுக்குத் தெரியுமா? பள்ளம் தேடும் பொன் விகிதம்

ஒரு சார்பின் சிறும மதிப்பைக் காண வகைக்கெழு கட்டாயமில்லை. ஒரே ஒரு பள்ளம் உள்ள இடைவெளி தெரிந்தால் போதும். சில புள்ளிகளில் மதிப்பைக் கணக்கிட்டே அதன் அடியை நெருங்கிவிடலாம்.

● இடைவெளி 0 முதல் 1 வரை என்று கொள்வோம். 0.382, 0.618 ஆகிய இரு புள்ளிகளின் மதிப்புகளை ஒப்பிட வேண்டும். 0.382-இல் மதிப்பு குறைவு என்றால், 0.618-க்கு வலப்புறம் இருப்பதைக் கழித்துவிடலாம்.

● எஞ்சிய பகுதிக்கும் 0.382 பொருத்தமான இடத்திலேயே அமைந்திருக்கும். அடுத்த ஒப்பீட்டுக்கு 0.236 என்ற ஒரு புதிய புள்ளி மட்டுமே தேவை. இந்தச் சிக்கனத்தைத் தருவது பொன் விகிதம்.

● ஒவ்வொரு முறையும் இடைவெளி 61.8 சதவீதமாகச் சுருங்கும். 10 முறை சுருக்கினால் தொடக்க நீளத்தில் 1 சதவீதம்கூட மிஞ்சாது.

● அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜாக் கீஃபர் 1953-இல் இம்முறையை வெளியிட்டார். ‘ஆர்’ கணினி மொழியின் ‘ஆப்டிமைஸ்’ கட்டளை, இதைப் பரவளைய மதிப்பீட்டுடன் இணைத்துப் பயன்படுத்துகிறது.

● எச்சரிக்கை: பள்ளங்கள் பல இருந்தால், தேடல் ஏதோ ஒன்றில் நின்றுவிடும். அதுவே மிக ஆழமானது என்பதற்கு உறுதியில்லை.