சுற்றுலாக் கேரவன்

சுற்றுலாக் கேரவன் என்பது, பயணம் செய்வோர் உள்ளேயே உறங்கவும் சமைக்கவும் வசதியாக அமைக்கப்பட்ட ஊர்தி ஆகும். உறைவிடத்தைத் தேடிச் செல்வதற்குப் பதிலாக உறைவிடத்தையே உடன் கொண்டு செல்வது இதன் அடிப்படைக் கருத்து. தமிழ்நாட்டில் கேரவன் என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஊர்தியே. அது வேறு, ஓரிடத்தில் நாள் முழுதும் நிற்பதற்கென்று கட்டப்படுவது. குடும்பத்துடன் ஊர் ஊராகச் செல்வதற்கான கேரவனின் தேவைகள் அதிலிருந்து பெரிதும் மாறுபடுகின்றன. இக்கட்டுரை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய கேரவனைத் தேர்ந்தெடுத்து வாங்கும்போது கருத வேண்டியவற்றை விளக்குகிறது.

பெயரும் வரலாறும்

கேரவன் என்னும் சொல், பாலைவனங்களில் கூட்டமாகச் செல்லும் வணிகர் குழுவைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. இன்பப் பயணத்திற்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவனாகப் பொதுவாகக் கருதப்படுவது, இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த கடற்படை மருத்துவரும் எழுத்தாளருமான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவருக்காக 1885 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் செய்யப்பட்ட 'வாண்டரர்' ஆகும். அதனைக் குதிரைகள் இழுத்தன. பிரித்தானியாவில் கேரவன் உரிமையாளர்களுக்கான சங்கம் 1907 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

தமிழகத்தில் இதற்கு இணையான பழைய ஊர்தி கூண்டு வண்டி எனலாம். வண்டியின் மேல் மூங்கிலாலும் பாயாலும் வளைவான கூண்டு அமைத்து, உள்ளே வைக்கோல் பரப்பி, அரிசி பருப்புடன் திருவிழாக்களுக்குச் செல்வது வழக்கமாக இருந்தது. இரவில் மாடுகளை அவிழ்த்துவிட்டுச் சத்திரத்தின் அருகிலோ ஆற்றங்கரையிலோ தங்குவர். வழி நெடுகச் சத்திரங்களும் குளங்களும் இருந்ததால் வண்டியில் தண்ணீரைச் சுமக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்றைய கேரவனைத் தேர்ந்தெடுப்பதிலும் இதுவே முதன்மையான கேள்வி: வழியில் கிடைக்காத எதையெல்லாம் ஊர்தி சுமக்க வேண்டும்?

இரு வகைகள்

கேரவன்கள் இரு பெரும் வகைப்படும். முதலாவது, மகிழுந்தின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படுவது. பிரித்தானியாவில் கேரவன் என்ற சொல் பெரும்பாலும் இதையே குறிக்கும். சுமையேற்றிய கேரவனின் எடை, இழுக்கும் மகிழுந்தின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று அங்கு புதியவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. கொக்கியின் மேல் அழுத்தும் எடை மிகக் குறைந்தால் கேரவன் பாம்பு போல் வளைந்து ஆடத் தொடங்கும். ஊர் சேர்ந்ததும் கேரவனைக் கழற்றிவிட்டு மகிழுந்தில் மட்டும் சுற்றலாம் என்பது இவ்வகையின் பெரும் நன்மை.

இரண்டாவது, இயந்திரமும் வீடும் ஒன்றாயுள்ள மோட்டார் கேரவன். இந்தியாவில் காணப்படுபவை பெரும்பாலும் இவ்வகையே. 'டெம்போ டிராவலர்' போன்ற சிற்றுந்துகளின் மீதும், பேருந்துகளின் அடிச்சட்டத்தின் மீதும் இவை கட்டப்படுகின்றன. இந்திய வாகனத் தொழில் தரமான ஏ.ஐ.எஸ். 124, மோட்டார் கேரவனுக்கு உரியது. இருக்கைகளும் மேசையும், படுக்கை (இருக்கையை விரித்து அமைப்பதாகவும் இருக்கலாம்), சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகிய நான்கும் மோட்டார் கேரவனில் இருக்க வேண்டும். கழிப்பறையும் குளிர்சாதனமும் இப்பட்டியலில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. விற்பனையாளர்கள் முதலில் காட்டுவது அவ்விரண்டையுமே.

நிறுத்துமிடம்

ஐரோப்பாவில் கேரவனுக்கென அமைந்த பூங்காக்களில் இரவில் மின்னிணைப்பும் குடிநீரும் கிடைக்கும்; கழிவை வெளியேற்றத் தனியிடம் உண்டு. ஆகவே அங்குள்ள கேரவன் சிறியதாக இருந்தாலும் போதும். இந்தியாவில் கேரள அரசு 2021 ஆம் ஆண்டில் 'கேரவன் கேரளா' என்ற கொள்கையை அறிவித்து, ஊர்தியையும் பூங்காவையும் சேர்த்தே திட்டமிட்டது. பூங்காவிற்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து ஊர்திகளை நிறுத்தும் இடமும் தேவை என வரையறுத்தது. அதன்படி முதல் பூங்கா வாகமண்ணில் 2022 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கர்நாடகமும் மகாராட்டிரமும் இத்துறையில் இறங்கியுள்ளன. தமிழ்நாடு அரசு 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா முன்னுரிமைப் பிரிவுகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

பூங்கா இல்லாத ஊரில் என்ன நிகழ்கிறது என்பதற்குத் திருவரங்கம் நல்ல எடுத்துக்காட்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு இது. அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில், வெளிப்புறமுள்ள உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் மக்கள் குடியிருக்கின்றனர். இவ்வீதிகளுக்குச் செல்லும் வழிகள் கோபுர வாயில்களின் ஊடாக அமைந்தவை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவும் சபரிமலைப் பயணக் காலமும் ஒருங்கே வருவதால், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலிருந்து சிற்றுந்துகளிலும் பேருந்துகளிலும் அடியார்கள் வந்து குவிகின்றனர். பலர் ஊர்தியின் அருகிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, அதற்குள்ளேயே உறங்கி, அம்மா மண்டபம் படித்துறையில் நீராடுகின்றனர். கேரவன் என்ற பெயர் இல்லாவிட்டாலும் இதுவும் கேரவன் பயணமே. கொள்ளிடக் கரையை ஒட்டிப் பஞ்சக்கரை சாலையில் 2014 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட யாத்ரி நிவாஸ் விடுதி இத்தகையோருக்கு ஒரு மாற்று. ஊர்தியை அங்கு விட்டுவிட்டு அறையில் தங்குவதானால் கேரவன் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே.

எடை

நீரும் மின்சாரமும் வெளியே கிடைக்காதபோது அவற்றை ஊர்தியே சுமக்கிறது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். நால்வர் குடும்பம் இரண்டு நாட்கள் சிக்கனமாகச் செலவிட 200 லிட்டர் என்று கொண்டால் நீர் மட்டுமே 200 கிலோகிராம். நால்வரின் எடை ஏறத்தாழ 260, நிரம்பிய 14.2 கிலோகிராம் சமையல் எரிவாயு உருளை, இரும்புக் கலனுடன் சேர்த்து ஏறத்தாழ 30. துணிமணி, பாத்திரங்கள் 100 என்று கூட்டினால் 590 கிலோகிராம் ஆகிறது. அலமாரி, கட்டில், மின்கலம் ஆகியவற்றின் எடை இதில் சேராது. எனவே வாங்குபவர் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது, எல்லா உள்ளமைப்புகளும் பொருத்தப்பட்ட பின் ஊர்தியின் வெற்றெடை என்ன, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்ன என்பதாகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே குடும்பத்திற்கு எஞ்சுவது. எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

எடை, ஓட்டுநர் உரிமத்துடனும் தொடர்புடையது. இலகுரக ஊர்திக்கான வரம்பு 7,500 கிலோகிராம். இவ்வரம்புக்கு உட்பட்ட போக்குவரத்து ஊர்தியை இலகுரக உரிமம் உடையவர் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. பெரிய பேருந்து அடிச்சட்டத்தில் கட்டப்பட்ட கேரவன்கள் இவ்வரம்பைத் தாண்டக்கூடும். அப்போது மகிழுந்து மட்டுமே ஓட்டிப் பழகிய குடும்பத் தலைவர் ஓட்டுநர் ஒருவரை அமர்த்த வேண்டியிருக்கும். அவருக்கும் ஒரு படுக்கை வேண்டும்.

நீளமும் அவ்வாறே. திருச்சிராப்பள்ளியிலிருந்து எளிதில் செல்லக்கூடிய கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆழியாறிலிருந்து வால்பாறை செல்லும் வழியில் 40 வளைவுகள். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களுக்கோ இராமேசுவரத்துக்கோ சமவெளியில் செல்வோருக்கு இது பொருட்டல்ல. மலையை விரும்புவோர் சிற்றுந்து அளவுக்கு மேற்பட்டதை வாங்குவது அறிவுடைமை ஆகாது.

மின்சாரமும் காற்றும்

திருச்சிராப்பள்ளியில் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் நின்ற தகரக் கூண்டுக்குள் இரவில் உறங்குவது கடினம். ஆகவே குளிர்சாதனம் வேண்டும் என்று தோன்றும். 12 வோல்ட்டு, 100 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் அடங்குவது 1,200 வாட்-மணி ஆற்றல். ஈய-அமில மின்கலத்தில் பாதியை மட்டும் பயன்படுத்துவதே அதன் ஆயுளுக்கு நல்லது. ஒரு டன் குளிர்சாதனம் முழுவீச்சில் ஏறத்தாழ 1,000 வாட்டு எடுப்பதால், அம்மின்கலம் ஒரு மணி நேரத்தைக்கூட எட்டாது. கூரையில் 400 வாட்டு சூரியத் தகடு வைத்தால் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 2,000 வாட்-மணி கிடைக்கும். 30 வாட்டு மின்விசிறி இரவு எட்டு மணி நேரம் ஓடுவதற்கு 240 வாட்-மணி போதும் என்பதால், விளக்கு, விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்கு இது தாராளம், குளிர்சாதனத்துக்குப் போதாது.

எனவே பலர் மின்னாக்கியைப் பொருத்துகின்றனர். இங்குதான் உயிருக்கு ஆபத்து உள்ளது. எரிபொருள் எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத வளி. குருதியில் உள்ள ஈமோகுளோபின், ஆக்சிசனைவிட இதனுடன் பன்மடங்கு வலுவாகப் பிணைகிறது. உறங்குபவர் விழிக்காமலேயே இறக்க நேரிடும். 2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றில் இரண்டு பணியாளர்கள் இறந்து கிடந்தனர். குளிர்சாதனத்திற்காக ஓடிய மின்னாக்கியின் புகை, ஊர்தித் தளத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்ததே காரணம் எனக் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் உள்ளிட்டோரின் ஆய்வில் தெரியவந்தது.

இதிலிருந்து வாங்குபவர் பெறும் விதிகள் தெளிவானவை. மின்னாக்கி இருக்கும் பெட்டி, வாழும் பகுதியிலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். குழாய்களும் கம்பிகளும் தளத்தைத் துளைத்து வரும் ஒவ்வோர் இடமும் அடைக்கப்பட்டுள்ளதா என்று படுத்துப் பார்க்க வேண்டும். புகைக்குழல் சாளரத்தின் கீழே முடியக்கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று படுக்கைக்கு அருகில் இருத்தல் வேண்டும். இவ்வளவும் செய்தாலும், உறங்கும் நேரத்தில் மின்னாக்கியை நிறுத்திவிடுவதே பாதுகாப்பானது. கோடையில் விசிறியுடன் உறங்க மலைக்குச் செல்ல வேண்டும். மலைக்குச் செல்லச் சிறிய ஊர்தி வேண்டும். சமவெளிக்கோ மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை.

சமையல் எரிவாயு

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தளத்தில் தேங்கும். ஆதலால் உருளை வைக்கும் அறை உட்புறம் மூடப்பட்டதாகவும், அதன் அடியில் வெளியே திறக்கும் துளை உடையதாகவும் இருக்க வேண்டும். ஓடும்போது உருளையின் அடைப்பிதழை மூடிவைப்பது கட்டாயம். 2023 ஆகத்து 26 அன்று மதுரை தொடர்வண்டி நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தனர். அப்பயணிகள் இலக்னோவிலிருந்து வந்தவர்கள். அது தொடர்வண்டிப் பெட்டி என்றாலும், குறுகிய கதவும் நெருங்கிய படுக்கைகளும் கொண்ட எந்த ஊர்திக்கும் பாடம் ஒன்றே. இரண்டாவது வழி இல்லாத கேரவனை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக்கூடாது.

கூண்டு கட்டுதலும் பதிவும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரூர், பேருந்துக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பழைய சிற்றுந்து ஒன்றை வாங்கி, தச்சரையும் பற்றவைப்பவரையும் கொண்டு கேரவனாக மாற்றிவிடலாம் என்ற எண்ணம் இப்பகுதியில் எழுவது இயல்பு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி ஊர்தியை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஆம் ஆண்டில் இதனை வலியுறுத்தியது. ஒப்புதலின்றி மாற்றிய ஊர்தி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம். பதிவுச் சான்றில் ஊர்தியின் வகை என்னவென்று எழுதப்பட்டுள்ளது என்பதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தல் தவறு. சொந்தப் பயன்பாட்டுக்கான முகாம் ஊர்தி, போக்குவரத்து அல்லாத ஊர்தியாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதனை வாடகைக்கு விட்டால் நிலை மாறும்.

பழைய கேரவனை வாங்குதல்

ஆண்டில் பத்து நாட்கள் மட்டும் பயணம் செய்யும் குடும்பத்திற்கு வாடகைக் கேரவனே சிக்கனமானது. வாங்க உறுதி செய்தோரும் ஒரே ஒரு முறையாவது வாடகைக்கு எடுத்து இரண்டு இரவுகள் தங்கிப் பார்ப்பது வழக்கம். கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் பலர் பின்வாங்குவது அப்போதுதான். ஆற்றிலோ வாய்க்காலிலோ திறந்துவிடுவது விடை ஆகாது.

பழைய கேரவனில் முதலில் பார்க்க வேண்டியது நீர்க்கசிவு. மழை பெய்த மறுநாள் சென்று பார்ப்பது நன்று. கூரை மூலைகளிலும் சாளர ஓரங்களிலும் ஒட்டுப்பலகை உப்பியிருந்தாலும், விரலால் அழுத்தும்போது குழைந்தாலும், உள்ளே மரம் மட்கிவிட்டது என்று பொருள். புதுச் சுவர்த்தாள் ஒட்டப்பட்ட ஒரு மூலை மட்டும் பளிச்சென்றிருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். அடுத்தது உருளிப்பட்டை. நெடுநாள் நின்ற ஊர்தியில் அதன் வரிகள் தேயாமல் புதிதுபோல் தோன்றும். ஆனால் இரப்பர் முதுமையடைந்து வெடிப்பு விட்டிருக்கும். பக்கவாட்டில் பொறிக்கப்பட்டுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு, அது செய்யப்பட்ட வாரத்தையும், கடைசி இரண்டு, ஆண்டையும் குறிக்கும். 2317 என்றிருந்தால் அது 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. விலையைப் பேசும்போது புதிய உருளிப்பட்டைகளின் விலையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.