நீராடும் நங்கையும் நோக்கும் கண்ணும்

ஓவியம் எழுதுவோர் தாம் கண்ட பொருளை மட்டும் எழுதுவதில்லை. அதனைக் கண்ட தம் நோக்கினையும் உடன் எழுதிவிடுகின்றனர். மேனாட்டு ஓவியர் நீராடும் மகளிரைப் பல நூற்றாண்டுகளாக எழுதி வந்துள்ளனர். அவ்வோவியங்களை வரிசைப்பட வைத்து ஆராய்வார்க்கு, அவ்வக் காலத்தார் பெண்ணை எவ்வாறு மதித்தனர் என்பது புலனாகும். ஓவியர் பலர் கையாண்ட சூசன்னாளின் கதையைக் கொண்டு இதனை விளக்கப் புகுகின்றோம்.

சூசன்னாள் பாபிலோனில் வாழ்ந்த யோவாக்கீமின் மனைவி. தானியேல் ஆகமத்தின் கிரேக்கப் பாடத்தில் அவள் வரலாறு உளது. கத்தோலிக்கர் அதனை அவ்வாகமத்தின் 13-ஆம் அதிகாரமாகக் கொள்வர். சீர்திருத்தச் சபையார் தள்ளுபடியாகமங்களுள் வைப்பர். தன் தோட்டத்தில் நீராடப் புக்க அவளை, நீதிபதிகளாகிய மூப்பர் இருவர் மறைந்திருந்து கண்டு, தம் விருப்பிற்கு இணங்காவிடின் பொய்ப்பழி சுமத்துவதாக அச்சுறுத்தினர். அவள் இணங்கிலள். மன்றத்தார் மூப்பர் சொல்லையே நம்பி அவளுக்கு மரணத்தீர்ப்பு அளித்தனர். தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே வினவ, அவர் வெவ்வேறு மரங்களைச் சுட்டித் தம் பொய்யால் தாமே அகப்பட்டனர்.

வெனிஸ் நகரத்துத் தின்தொரெத்தோ 1555-ஐ ஒட்டி எழுதிய சூசன்னாள் ஓவியம் இன்று வியன்னாவில் உளது. அதில் அவள் ஆடியின்முன் அமர்ந்து தன் எழிலைத் தானே நோக்குகின்றாள். அணிகலன்கள் அருகே கிடக்கின்றன. அச்சத்தின் சாயல் அவள் முகத்தில் சிறிதும் இல்லை. கதையில் அவள் உற்ற துயருக்கு அங்கே இடமேயில்லை. திருமறைக் கதை ஆடையற்ற அழகினைக் காட்டுதற்கு ஒரு திரையாயிற்று. இதன் படியை ஒரு நூலில் முதன்முறை கண்டபொழுது நாமும் அதன் வனப்பையே வியந்தோம். வேலிப்புறத்தே மறைந்து நிற்கும் மூப்பரோடு மூன்றாமவராய் நின்றோம் என்பதை அப்பொழுது உணர்ந்திலோம்.

அதனை உணர்த்தியது அர்த்தெமீசியா ஜெந்திலெஸ்கி என்னும் உரோமாபுரிப் பெண் 1610-இல், ஏறத்தாழப் பதினேழாம் அகவையில், எழுதிய ஓவியமாகும். இங்கே சோலையுமில்லை, ஆடியுமில்லை. வெறுங்கல் இருக்கையில் அமர்ந்த சூசன்னாள் உடலை முறுக்கி, இரு கைகளையும் உயர்த்தி, முகந்திருப்புகின்றாள். மூப்பர் அவள் தலைக்குமேல் மதிலில் சாய்ந்து கிசுகிசுக்கின்றனர். மறுவருடம் அர்த்தெமீசியாவையே தாசி என்னும் ஓவியன் பலவந்தஞ் செய்தான். 1612-இல் நடந்த வழக்கில், அவள் சாட்சியத்தின் மெய்ம்மையைச் சோதித்தற்பொருட்டு அவள் விரல்களைக் கயிற்றால் இறுக்கினர். அவள் தன் சொல்லை மாற்றிலள். தாசி குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டான். சூசன்னாளின் மன்றம் பழங்கதையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆடவர் நோக்கிலும் மாறுதல் தோன்றலாயிற்று. ஒல்லாந்தராகிய ரெம்பிராண்ட் 1647-இல் எழுதிய சூசன்னாள், ஒரு மூப்பன் தன் ஆடையைப் பற்றியிழுக்க, உடல் குனிந்து நம்மையே திரும்பிப் பார்க்கின்றாள். காண்பார் அப்பார்வைக்கு விடை கூறாது செல்லல் அரிது. பின்னர், 1886-இல் பாரிஸில் தெகா காட்சிக்கு வைத்த ஓவியங்களிலோ கதையும் இல்லை, தேவதையும் இல்லை. சாதாரண மகளிர் தொட்டியில் குனிந்து உடலைத் தேய்த்துக் கழுவுகின்றனர். அவர் எவரையும் மகிழ்விக்க அமர்ந்தவரல்லர். தம் காரியத்தில் கருத்தூன்றியவர். எனினும் அவர் அறியாவண்ணம் நோக்கும் கண் அங்கும் உண்டு என்பதை மறுத்தற்கில்லை.

இம்மாறுதல் இத்துணைத் தாமதித்தது ஏன்? எழுதுகோல் நெடுங்காலம் ஆடவர் கையிலேயே இருந்தது. பாரிஸ் நகரத்து அரசாங்க ஓவியக் கல்லூரி மகளிரை மாணவராகச் சேர்த்துக்கொண்டதே 1897-இல்தான். எழுதப்படும் பொருளாய் இருந்த பெண் எழுதுவோளாகவும் ஆகுங்கால், ஒரே கதை வேறு முகங் காட்டுகின்றது.

அன்பர்களே, ஓவியத்தைக் காணுங்கால் அழகு யாதென வினவுவதோடு அமையாது, யாம் யார் பக்கலில் நின்று காண்கின்றோம் என்பதையும் வினவுவோமாக. வேலிக்குப் பின்னின்று கண்டவர் கூற்றையே மெய்யெனக் கொண்ட மன்றத்தில், ஒரு குற்றமற்றவளின் உயிர் அவ்வினாவினாலன்றோ காக்கப்பட்டது!