நடுப்பாகத்தின் சுமை

மூன்று பாகங்களாக விரியும் திரைக்கதையில் இரண்டாவதன் நிலை சற்றுப் பரிதாபமானது. முதற்பாகத்துக்குப் புதுமை துணை. மூன்றாவதற்கு முடிவு துணை. இடையிலுள்ளது இவ்விரண்டுமின்றித் தன் காலில் நின்றாக வேண்டும். 2024 ஜூலை 12-இல் வெளிவந்த 'இந்தியன் 2' அவ்வாறு நிற்க இயலாமற்போன படம்.

1996-இல் ஷங்கர் இயக்கி, சுஜாதா உரையாடல் எழுதிய 'இந்தியன்' படத்திலே, நேதாஜியின் படையிலிருந்த முதியவர் சேனாபதி இலஞ்சம் வாங்குவோரைக் கொல்கிறார். வர்மக்கலையும் கமல்ஹாசனின் முதுமை ஒப்பனையும் கண்ணைக் கவர்ந்தன. நெஞ்சைத் தொட்டது வேறு. பழுதுற்ற பேருந்துக்குச் சான்றளித்துப் பள்ளிக் குழந்தைகள் மடியக் காரணமானவன் அவருடைய சொந்த மகன். கொள்கைக்கான விலையை அவர் தம் வீட்டிலிருந்தே கொடுத்தார்.

இரண்டாம் படத்தின் கருவும் அற்பமானதன்று. வீட்டுக்குள்ளிருக்கும் ஊழலைப் பிள்ளைகளே வெளிப்படுத்த வேண்டும் என்கிறார் சேனாபதி. ஓர் இளைஞன் தந்தையைக் காட்டிக்கொடுக்கிறான். தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மக்கள் சேனாபதியையே தூற்றுகின்றனர். அன்று தந்தை மகனைத் தண்டித்தார். இன்று மகன் தந்தையை. எவ்வளவு அருமையான சிக்கல்! ஆயினும் அதனை அடையுமுன் எத்தனை கொலைகள், எத்தனை ஆடம்பர மாளிகைகள்! மேலும், இம்முறை விலை கொடுப்பவன் அவ்விளைஞனே. சேனாபதி வந்தபடியே போகிறார். 1940-களில் போர்வீரராயிருந்தவருக்கு 2024-இல் வயது நூறை எட்டியிருக்கும். அவர் ஒற்றைச் சக்கர வாகனத்தில் விரைவது, நம்மைக் கேட்டால், அறிவியற் புனைகதையே.

ஒரே படமாகத் தொடங்கியது இது. 2019-இல் படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. 2020-இல் பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர். பின்னர்ப் பெருந்தொற்றும் வழக்கும் குறுக்கிட்டன. எடுத்த காட்சிகள் பெருகவே, கதை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மூன்று மணி நேரம் ஓடிய படத்தில், வெளிவந்த சில நாட்களிலேயே 12 நிமிடங்கள் வெட்டப்பட்டன. 2003-இல் 'தி மேட்ரிக்ஸ் ரீலோடட்' படமும் மூன்றாம் பாகத்தோடு சேர்த்தே எடுக்கப்பட்டு, பாதி வழியில் நின்றது போன்ற குறையை விட்டுச் சென்றது.

ஆனால் நடுப்பாகம் என்றாலே ஏமாற்றம் என்பதில்லை. தியாகராய நகரில் மாம்பலம் இரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் ஆகாய நடைபாலம் திறந்தார்கள். அதன் நடுவே நிற்பவர் எங்கும் சேர்ந்துவிடவில்லை. எனினும் புறப்பட்ட இடத்திலும் இல்லை. 1980-இல் வந்த 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' நாயகனை அவ்வாறே நகர்த்தியது. அவன் கையை இழக்கிறான்; பகைவனே தன் தந்தை என்றறிகிறான். படம் தோல்வியில் முடிந்தும் பார்வையாளர் மனநிறைவோடு எழுந்தனர்.

'இந்தியன் 2' படத்தின் இறுதியில் மூன்றாம் பாகத்தின் சில காட்சிகள் காட்டப்பட்டன. அவை விடுதலைப் போராட்டக் காலத்தைச் சேர்ந்தவை. கொட்டகையை விட்டு வெளிவந்தோர் பலர், மூன்று மணி நேரப் படத்தைவிட அச்சில நிமிடங்களைப் பற்றியே ஆவலோடு பேசினர்.