நான்கு ஊசியின்றிக் கையுறை

கையுறை சிறிய பொருள். ஆனால் அதைப் பின்ன முற்படுவோர்க்கு அது எழுப்பும் கேள்வி சிறியதன்று. கம்பளிச் சட்டையின் முன்புறமும் பின்புறமும் தட்டையான துண்டுகள். அவற்றைத் தனித்தனியே பின்னி இணைத்துவிடலாம். கையோ அத்தகையதன்று. மணிக்கட்டு ஓர் உருளை. ஒவ்வொரு விரலும் ஓர் உருளை. நேராக நீண்டிருக்கும் ஊசியைக் கொண்டு உருளையை ஆக்குவது எங்ஙனம்? இக்கேள்விக்குரிய விடைகளுள் மூன்றினை இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதற்கண் பின்னல் என்பது யாது எனக் காண்போம். நெசவில் பாவு, ஊடை என இருவகை நூல்கள் நெடுக்கும் குறுக்குமாகச் செல்லும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். நூல் வளைந்து கண்ணியாகிறது. அக்கண்ணியினூடே அடுத்த கண்ணி இழுக்கப்படுகிறது. நூலைப் பின்புறம் வைத்துக் கண்ணியை முன்னே இழுத்தால் அது நேர்க்கண்ணி. நூலை முன்புறம் வைத்துக் கண்ணியைப் பின்னே தள்ளினால் அது மறுகண்ணி. ஒரு வரிசை நேர்க்கண்ணியும் அடுத்த வரிசை மறுகண்ணியுமாக மாறி மாறிப் பின்னினால் ஒருபுறம் வழுவழுப்பான துணி கிடைக்கும். இன்னும் முடிவுறாத கண்ணிகள் அவிழ்ந்துவிடாமல் தாங்கி நிற்பதே ஊசியின் தலையாய வேலை.

ஐரோப்பிய நாடுகளில் காலுறையும் கையுறையும் பின்னுவோர், இரு முனைகளும் கூரான குட்டை ஊசிகள் நான்கையோ ஐந்தையோ கையாள்வது நெடுநாளைய வழக்கம். மூன்று ஊசிகளில் கண்ணிகளை முக்கோணமாகப் பகிர்ந்து நிறுத்தி, நான்காம் ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னுவர். ஜெர்மானிய ஓவியர் மாஸ்டர் பெர்ட்ராம் 1400ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய பலிபீட ஓவியம் ஒன்றில், கன்னி மரியாள் இவ்வாறு ஒரு சிறு சட்டையைப் பின்னிக்கொண்டிருக்கிறார். ஹாம்பர்க் நகரின் கலைக்கூடத்தில் உள்ள அவ்வோவியத்தில், சட்டையின் கழுத்தைச் சுற்றி ஊசிகள் நிற்பதைக் காணலாம். ஆகவே இம்முறை பழமையானது, சிறந்ததும்கூட. எனினும் பழகாத கைக்கு அது கடினம். ஓர் ஊசியைக் கவனிக்கும்பொழுதே மற்றோர் ஊசி நழுவி விழும். ஊசியும் ஊசியும் சந்திக்கும் இடங்களில் கண்ணிகள் தளர்ந்து ஏணிப்படிபோல இடைவெளி தோன்றும்.

நீலகிரியில் நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், மார்கழி, தை மாதக் காலை வேளைகளில் புல்வெளியெங்கும் உறைபனி படிந்திருக்கும். முதற் பாடவேளையில் பிள்ளைகள் விரல் விறைத்து, பேனாவைப் பிடிக்க இயலாமல் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பர். கைத்தொழில் வகுப்பில் எங்களிடம் இருந்தவையோ ஒருமுனையில் குமிழ் உள்ள நேரூசிகள் மட்டுமே. ‘நான்கு ஊசி வந்தபின் கையுறை கற்போம்’ என்று காத்திருந்தால் அவ்வாண்டுக் குளிர்காலம் கடந்திருக்கும். ஆதலால் இரண்டு ஊசியால் ஆகும் வழியைக் கற்பித்தோம். அதையே முதலில் கூறுகிறேன்.

முதல் வழி, தட்டையாகப் பின்னி மடித்துத் தைப்பது. நான்கு விரல்களும் ஒரே அறையில் தங்கிக் கட்டைவிரல் மட்டும் தனித்து நிற்கும் உறையை எடுத்துக்கொள்வோம். விரல்கள் ஒன்றுக்கொன்று வெப்பம் தருவதாலும், குளிர்காற்றுப் படும் பரப்புக் குறைவதாலும், ஐவிரல் உறையைவிட இதுவே அதிக வெம்மை தருவது. உள்ளங்கையின் சுற்றளவு 20 செ.மீ. என்றும், உங்கள் பின்னலில் ஒரு செ.மீ.க்கு 2 கண்ணிகள் வருகின்றன என்றும் கொள்வோம். அப்பொழுது 40 கண்ணிகள் வேண்டும். தையலில் மறைய ஓரத்துக்கு ஒன்றாக 2 கூட்டினால் 42.

மணிக்கட்டுப் பகுதியை, ஒரு நேர்க்கண்ணி ஒரு மறுகண்ணியாக 6 செ.மீ. உயரம் பின்னுங்கள். இவ்வகைப் பின்னல் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கிக் கையைப் பற்றிக்கொள்ளும். அதன்மேல் வழுவழுப்பான பின்னலைத் தொடங்குங்கள். வரிசையின் நடுவிலுள்ள 2 கண்ணிகளே கட்டைவிரலுக்கு வித்து. இரண்டு வரிசைக்கு ஒருமுறை அவற்றின் இருபுறமும் ஒவ்வொரு கண்ணி கூட்டுக. ஆறுமுறை கூட்டினால் 2 என்பது 14 ஆகும். நடுவில் ஒரு முக்கோணம் விரிந்து வருவதைக் காண்பீர்கள். உங்கள் கையை விரித்துப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரலின் அடி வரை சதை இவ்வாறே அகன்று செல்கிறது. அம்முக்கோணம் இல்லாத உறை, விரலை அசைக்கும்பொழுதெல்லாம் இழுத்துப் பிடிக்கும்.

முக்கோணம் கட்டைவிரலின் கவட்டை எட்டியதும், அந்த 14 கண்ணிகளோடு புதிதாக 2 சேர்த்து, அந்த 16 கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாக விரல் நீளத்துக்குப் பின்னுங்கள். பிறகு இரண்டிரண்டாக இணைத்துக் குறைத்து, எஞ்சிய கண்ணிகளில் நூலைக் கோத்து இறுக்கி, விரலின் ஓரங்களைத் தைத்துவிடுக. இப்பொழுது இருபுறமும் 20 கண்ணிகள் வீதம் காத்திருக்கும். கட்டைவிரலின் அடியில் 2 கண்ணிகள் எடுத்து இணைத்தால் மீண்டும் 42. சுண்டுவிரல் நுனியளவு வரை பின்னிப் படிப்படியாகக் குறைத்து முடித்து, ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் உறை ஆயிற்று. தையல் சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் அமைவதால் பிடிப்புக்கு இடையூறு இல்லை. கட்டைவிரல் சரிநடுவில் இருப்பதால் இவ்வுறை இடக்கைக்கும் பொருந்தும், வலக்கைக்கும் பொருந்தும்.

ஐவிரல் உறைக்கும் கணக்கு இதுவே. விரல்களின் அடியை அடைந்ததும், 42இல் நடுவிலுள்ள 12 கண்ணிகளோடு 2 சேர்த்து ஆள்காட்டி விரலைப் பின்னுக. அடுத்து இருபுறமும் ஐந்தைந்து கண்ணிகள், முன்விரலின் அடியிலிருந்து எடுத்த 2, புதிதாகச் சேர்த்த 2, ஆக 14, இது நடுவிரல். மோதிரவிரலும் அவ்வாறே. எஞ்சிய 10 கண்ணிகளும் அடியில் எடுத்த 2 கண்ணிகளும் சுண்டுவிரலாகும்.

இரண்டாம் வழி விந்தையானது. இரண்டு நேரூசிகளிலேயே, தையல் சிறிதுமின்றி, உருளையைப் பின்னலாம். இரட்டைப்படை எண்ணில் கண்ணிகள் ஏற்றுங்கள். ஒரு கண்ணியை நேராகப் பின்னுக. நூலை முன்னே கொணர்ந்து, அடுத்த கண்ணியைப் பின்னாமலே மறு ஊசிக்கு மாற்றுக. நூலைப் பின்னே கொண்டு செல்க. வரிசை முழுதும் இவ்வாறே செய்து, திருப்பி, மீண்டும் இவ்வாறே செய்க. முதல் வரிசையில் பின்னாது விட்டவை அடுத்த வரிசையில் பின்னப்படும். ஓர் ஊசியின்மேல் இரண்டு துணிகள் ஒன்றையொன்று தொடாமல் வளர்கின்றன. ஓரங்களில் மட்டும் ஒரே நூல் சுற்றிச் செல்வதால் அவை பையாக இணைகின்றன. அடி மூடியிருக்கும், ஆதலால் விரல் நுனியிலிருந்து தொடங்குவது ஏற்றது. நூலை முன்னே கொணர ஓரிடத்தில் மறந்தாலும் இரு துணிகளும் அங்கே ஒட்டிக்கொள்ளும். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலில் ஒரு முதிய செவிலி ஒரே சமயத்தில் இரண்டு காலுறைகளைப் பின்னி, குழந்தைகள் வியக்க ஒன்றினுள்ளிருந்து மற்றொன்றை வெளியே எடுக்கிறாள். அவ்வித்தையின் அடிப்படையும் இவ்வாறு ஓர் ஊசியில் இரண்டு துணிகளை வளர்ப்பதே.

மூன்றாம் வழி, வட்ட ஊசி. இரு கூர்முனைகளை வளையும் மெல்லிய வடம் ஒன்று இணைத்திருக்கும். 80 முதல் 100 செ.மீ. நீளமுள்ள ஊசியில் கண்ணிகளை ஏற்றி, வடத்தை நடுவே வளையமாக வெளியே இழுத்துவிட்டால், பாதிக் கண்ணிகள் ஒரு முனையிலும் பாதி மறுமுனையிலும் எதிரெதிரே நிற்கும். ஒரு பாதியைப் பின்னி, வடத்தை இழுத்து, மறுபாதியைப் பின்னுக. விரல் போன்ற குறுகிய உருளையும் இதில் எளிதாகும். அமெரிக்காவில் சாரா ஹௌஷ்கா கையாண்ட இம்முறையை விளக்கும் சிறு நூலை 2002இல் பெவ் கலெஸ்கஸ் வெளியிட்டார். இரண்டு வட்ட ஊசிகளால் காலுறை பின்னும் முறையைப் பற்றிய காட் போர்டியின் நூல் 2001இல் வெளிவந்தது. பல நூற்றாண்டுப் பழமையுள்ள கைத்தொழிலிலும் நம் காலத்தில் புதுவழிகள் பரவ இடமிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்று வழிகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். முதல் வழி துணியை வளைக்கிறது; இரண்டாவது ஒரே ஊசியில் இரு துணிகளை நிறுத்துகிறது; மூன்றாவது ஊசியையே வளைக்கிறது. கருவிகள் வேறுபடினும் எய்தும் வடிவம் ஒன்றே. ‘நான்கு ஊசி எங்கே?’ என்று கேட்பவன் கடையை நோக்கி நிற்பான். ‘உருளை எப்படி உருவாகிறது?’ என்று கேட்பவன் கையிலுள்ளதைக் கொண்டு தொடங்குவான். எங்கள் பிள்ளைகள் பின்னிய உறைகள் கோணலும் மாணலுமாகவே இருந்தன. ஆயினும் அந்தத் தை மாதத்தில், முதற் பாடவேளையிலேயே அவர்கள் எழுதத் தொடங்கினர்.