வளர்ந்தபின் நடனம் பயில்தல்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழி நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நடனம் கற்க விரும்பும் வயது வந்தோர் பலர் இம்மொழிக்கு அஞ்சியே தம் ஆவலை அடக்கிக்கொள்கின்றனர். அவ்வச்சம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, மேனாட்டுப் பாலே நடனத்தையும் நம் நாட்டுப் பரதநாட்டியத்தையும் வளர்ந்த பின்னரே பயிலத் தொடங்கிய ஓர் அம்மையாரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1904ஆம் ஆண்டு மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலே அவ்வம்மையார். 1928இல் புகழ்பெற்ற ருஷ்ய நடனமாது அன்னா பாவ்லோவா பம்பாய்க்கு வந்தபோது அவருடைய ஆட்டத்தைக் கண்டு வியந்தார். பின்னர் ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற கப்பலில் இருவரும் நட்புப் பூண்டனர். பாவ்லோவாவின் ஏற்பாட்டால், அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றார். பாவ்லோவா பத்து வயதளவிலேயே நடனப் பள்ளியிற் சேர்ந்தவர். ருக்மிணி தேவிக்கோ அப்போது ஏறத்தாழ இருபத்தைந்து வயது.

இவ்வயது வேறுபாடு ஏன் பெரிதாகப் பேசப்படுகிறது? பாலேயில் பாதங்கள் இரண்டும் வெளிப்புறம் நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். இத்திருப்பம் பாதத்தில் தொடங்குவதன்று. தொடை எலும்பு இடுப்புக் குழியிற் பொருந்தும் மூட்டிலேயே தொடங்குவது. வளரும் பருவத்தில் இம்மூட்டு ஓரளவு பயிற்சிக்கு இணங்கும். வளர்ந்தோர்க்கு எலும்பின் அமைப்பு உறுதிப்பட்டுவிடுகிறது. ஆதலின், இடுப்பு இடந்தரும் அளவுக்கு மேல் பாதத்தை வலிந்து திருப்பினால், அத்திருகலை முழங்காலும் கணுக்காலும் தாங்க நேரும். வயது வந்தோர்க்கு உண்டாகும் ஊறு பெரும்பாலும் இத்தகைய அவசரத்தால் வருவதே.

எனவே வளர்ந்தோர், முதலில் கைப்பிடிக் கம்பியைப் பற்றி நின்று, முழங்கால் கால்விரல்களின் நேரே வருமாறு மெல்ல மடக்கி நிமிரப் பழக வேண்டும். விரல் நுனியில் நிற்கும் ஆட்டமோ, கணுக்காலும் பாதமும் பல ஆண்டுப் பயிற்சியால் வலுப்பெற்ற பின்னரே மேற்கொள்ளத்தக்கது. குழந்தைகளுக்கும் இதுவே விதி. சிறுவர்க்கில்லாத ஒரு நன்மை வளர்ந்தோர்க்குண்டு: ஆசிரியர் கூறும் காரணத்தை அறிந்து, தம் பிழையைத் தாமே கண்டு திருத்திக்கொள்ள அவர்களால் இயலும்.

ருக்மிணி தேவியின் வரலாறு பாலேயோடு நிற்கவில்லை. தம் நாட்டு நடனத்தைத் தேடிக் காணுமாறு பாவ்லோவா அவரைத் தூண்டினார். அக்காலத்தில் சதிர் எனப்பட்ட அக்கலை பரம்பரைக் குடும்பத்தாரால் காக்கப்பட்டு வந்தது. உயர்குலத்தார் எனப்பட்டோர் அதனை இழிவாகக் கருதி வந்தனர். ருக்மிணி தேவி அப்பழிக்கு அஞ்சாது, முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மாணவியாக அமர்ந்தார். அவ்விருவரும் பரம்பரையாய்க் காத்த வித்தையைக் கற்பித்திராவிடில், அவருடைய ஆர்வம் பயன் தந்திராது.

பரதநாட்டியத்திலும் பாதங்கள் வெளிநோக்கித் திரும்புகின்றன, முழங்கால்கள் மடங்குகின்றன. ஆனால் பாலே உடலை மேலெழச் செய்வதையே பெரிதும் நாடுவது. நம் அரைமண்டியோ தாழ்ந்த நிலையிலேயே நிலைத்து, பாதத்தால் தரையைத் தட்டித் தாளம் காட்டுவது. ஆகவே ஒன்றிற் பழகியவரும் மற்றொன்றைத் தட்டடவிலிருந்தே தொடங்க வேண்டும். திருமணமாகி, உலகம் சுற்றி வந்து, பலராலும் மதிக்கப்பெற்ற ஒருவர் அவ்வாறு மீண்டும் முதற்பாடத்திற்கு வந்து நிற்பது எளிதன்று. ருக்மிணி தேவி அதனைச் செய்தார். 1935 டிசம்பரில், தம் முப்பத்தோராம் வயதில், அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். 1936இல் அவர் தொடங்கிய நிறுவனமே கலாக்ஷேத்திரம் என்று இன்று விளங்குவது.

எல்லாரும் அவர்போல் மேடையேற வேண்டுவதில்லை. பழமொழி எலும்பைப் பொறுத்தவரை ஓரளவு மெய்யே. ஆயினும் நிற்கும் நிலையும், தாள உணர்வும், தசைகளின் வலிமையும் எவ்வயதிலும் பயிற்சியால் சீர்ப்படும். முழங்கால், முதுகு நோயுள்ளவர் முன்னதாக மருத்துவரைக் கலந்துகொள்க. பின்னர், தம் வயதறிந்து கற்பிக்கும் நல்லாசிரியரை நாடி, முதற்பாடத்தை முதற்பாடமாகவே ஏற்றுத் தொடங்குவோர் நாணுவதற்கு யாதொன்றும் இல்லை.