எவர்சில்வர் மேனி கொண்ட கார்

சாயம் பூசாத காரைக் கண்டதுண்டா? நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரம்போல் மேனி பளபளக்க, பறவை சிறகு விரிப்பதுபோல் கதவுகள் மேலே திறக்க, 1981-இல் வெளிவந்தது 'டிலோரியன்' கார்.

ஜெனரல் மோட்டார்ஸில் உயர்பதவி வகித்த அமெரிக்கர் ஜான் டிலோரியன் 1975-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரருகே, டன்மரியில் தொழிற்சாலை எழுந்தது. அங்கே வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்ததால் பிரிட்டிஷ் அரசாங்கம் பெரும்பணம் கொடுத்து உதவியது. வெளியே மதத்தால் பிரிந்து கிடந்த கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் உள்ளே ஒன்றாக உழைத்தார்கள்.

ஆனால் விலையோ 25,000 அமெரிக்க டாலர்! அந்த விலைக்கேற்ற வேகம் இல்லை. வாங்குவோர் குறைந்தனர். சுமார் 9,000 கார்களோடு 1982-இல் ஆலை மூடப்பட்டது. ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அதே ஆண்டு போதைப்பொருள் வழக்கில் கைதான டிலோரியன், 1984-இல் குற்றவாளி அல்லர் என விடுதலையானார்.

1985-இல் 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் காலத்தைக் கடக்கும் வாகனமாக வந்து இக்கார் உலகப் புகழ் பெற்றது. எண்ணிக்கை குறைவு, மேனி துருவேறாது, உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. ஆகவே சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

அன்பர்களே, அந்தக் காரைப் படத்தில் காணும்போது, வேலையிழந்து வீடு திரும்பிய தொழிலாளர்களையும் ஒரு கணம் நினையுங்கள்.