புரி கெட்டால் என் செய்வது?

புரி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. கயிற்றின் முறுக்குப் புரி எனப்படும். மூவிழை சேர்ந்தது முப்புரிநூல். சங்கின் சுழியை நோக்கி வலம்புரி என்றும் இடம்புரி என்றும் வகுத்தனர் நம் முன்னோர். அச்சொல்லே இன்று கராஜ்களிலும் வழங்குகின்றது. போல்டின் உடலிலும் நட்டின் உள்ளேயும் சுற்றிச் செல்லும் வெட்டினை அங்கு வேலைசெய்வோர் புரி என்பர். தமிழாசிரியனாகிய நான் இயந்திர வேலையைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு இச்சொல்லுறவு ஒரு காரணம். நானே ஒரு புரியைக் கெடுத்து, அதனை மறைத்து, பின் வீதியில் விழ இருந்தமை மற்றொரு காரணம்.

பழைய தெல்தெனிய நகரம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் உள்ளது. அணை 1985ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. ஊர் மேட்டு நிலத்திற்குப் பெயர்ந்தது. கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக மகியங்கனைக்குச் செல்லும் வீதி ஏற்றமும் இறக்கமும் வளைவும் நிறைந்தது. அப்பால் உள்ள பதினெட்டு வளைவுகளை அறியாதார் இலர். இத்தகைய வீதியில் மோட்டார் சைக்கிளின் முன் போர்க்கும் பின் அதிர்வுதாங்கிகளும் ஓயாது உழைக்கின்றன. நாளடைவில் போர்க்கின் எண்ணெய் கெடும். அதன் சீலும் கசியும். அவற்றை ஞாயிற்றுக்கிழமைகளிலே தம் வீட்டு முற்றத்தில் தாமே மாற்றிக்கொள்ளும் பழைய மாணவரும் இளம் ஆசிரியரும் நம்முள் பலர். அது நல்ல பழக்கமே. நானும் அவ்வாறே செய்தேன்.

போர்க்கின் அடிப்பகுதி அலுமினிய வார்ப்பு. அங்கே முன் சில்லின் அச்சினை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் ஒன்று உண்டு. அதனைத் திரும்பப் பூட்டுகையில் இரண்டு சுற்றுச் சென்றபின் கடினமாயிற்று. நின்று சிந்திக்க வேண்டிய இடம் அதுவே. நானோ நீண்ட ஸ்பானரை எடுத்தேன். முதலில் இறுகியது, பின்னர் திடீரென இலகுவாயிற்று, அதன்பின் எவ்வளவு திருகினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. புரி உரிந்துவிட்டது. வெட்கத்தினால் ஒருவரிடமும் கூறாது, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவைப் போல்டிற் சுற்றிச் செருகிவிட்டேன். மறுநாட் காலை ஓர் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது கைபிடி நடுங்கியது. இறங்கிப் பார்த்தேன்; போல்டைக் காணவில்லை. அச்சின் நட்டு ஒன்றே சில்லைக் காத்து நின்றது.

ஏன் இவ்வாறு நேர்கின்றது? இறுக்கிய போல்ட் உண்மையில் மிக நுண்ணியதாக நீண்டு, வில்லைப் போல இரு பாகங்களையும் சேர்த்து இழுக்கின்றது. அவ்விழுவிசையை எல்லாப் புரிகளும் சமமாகத் தாங்குவதில்லை. முதற்புரி ஒன்றே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்கும். போல்ட் உருக்கு, துளையோ மென்மையான அலுமினியம். ஆகவே துளையின் புரியே முதலில் அழியும். இக்காரணம் பற்றியே உருக்கினுள் போல்டின் விட்டமளவு ஆழம் போதுமாயிருக்க, அலுமினியத்துள் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை வேண்டுவர்.

அளவு மாறுதலும் பெருங்கேடு. 10 மில்லிமீற்றர் போல்டுகளில் 1.25 இடைவெளிப் புரியும் உண்டு; 1.5 இடைவெளிப் புரியும் உண்டு. ஒன்றன் துளையில் மற்றொன்று சில சுற்றுச் சென்று பின் சிக்கும். 1841இல் இங்கிலாந்தின் விற்வேர்த் வகுத்த புரியின் கோணம் 55 பாகை. இன்றைய மெற்றிக் புரியின் கோணம் 60 பாகை. பழைய பிரித்தானிய வண்டி வைத்திருப்போர் இதனை மறத்தலாகாது. கழற்றிய போல்டுகளை, அவை இருந்த ஒழுங்கின்படி ஓர் அட்டையிற் குத்தி வைத்தல் நன்று.

பூட்டும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புக. புரி புரியினுள் விழும் சிறு அசைவு விரலுக்குத் தெரியும். பின்னரே வலப்பக்கம் திருகுக. மூன்று நான்கு சுற்றுகளாவது விரலாலேயே செல்லவேண்டும். இறுதி இறுக்கம் வண்டிக்குரிய கைந்நூலிற் கண்ட முறுக்குவிசையின்படி அமைக.

கழற்றும்போது போர்க்கின் மேல்மூடியிற் கவனம் வேண்டும். அதனைச் சூழ்ந்து குழாயை இறுக்கும் மேற்பிடியின் போல்டை முதலில் தளர்த்துக. மூடியைக் கீழிருந்து சுருள்வில் தள்ளுதலின், கடைசிப் புரிகளில் அது பாய்ந்தெழுந்து புரியையும் முகத்தையும் சேதப்படுத்தும். மேலிருந்து அழுத்திக்கொண்டே கழற்றுக. துருவினால் இறுகியவற்றிற்கு ஊடுருவும் எண்ணெய் இட்டு ஓர் இரவு பொறுத்திருக்க. ஆனால் அதிர்வுதாங்கிக்கு ஒருபோதும் தீக் காட்டற்க. அதனுள் எண்ணெயும், சிலவற்றில் அழுத்தமேற்றிய வாயுவும் உள.

இவ்வளவு பேணியும் புரி கெட்டதாயின், பரிகாரம் மூவகைப்படும். அழுக்கோ சிறு நசிவோ மட்டுமாயின், மண்ணெண்ணெயாற் கழுவி, அதே அளவுள்ள டாப்பினை எண்ணெயிட்டுச் செலுத்துக. அரைச் சுற்று முன்னும் காற்சுற்றுப் பின்னுமாகச் செல்க. போல்டைப் புதிதாக மாற்றுக. அலுமினியத் துளை உரிந்துவிட்டதாயின், அதனைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, அதற்குரிய டாப்பினாற் புதுப்புரி வெட்டி, துருவேறா உருக்குக் கம்பிச் சுருளைச் செருகவேண்டும். பழைய போல்ட் அளவே அதற்குப் பொருந்தும். செம்மையாகச் செய்தால் முன்னிருந்த புரியினும் உறுதியாகவே நிற்கும். ஆயினும் துளை சிறிதும் சாயலாகாது. கை பழகாதார் கடைசற் பட்டறையை நாடுக. என் வண்டியும் அங்கேதான் குணமடைந்தது. மூன்றாவது வகை, வார்ப்பில் வெடிப்புக் கண்டதும், மெல்லிய குழாயின் புரியோ அதிர்வுதாங்கித் தண்டின் புரியோ அழிந்ததும் ஆம். அங்கே பரிகாரம் தேடாது பாகத்தையே மாற்றுக. நாடா, பசை, கம்பித்துண்டு ஆகியன எவ்வகைக்கும் மருந்தல்ல.

அப்பியாசக் கொப்பியிற் பிழையைச் சுரண்டி மறைக்கும் மாணவனிடம், “கோடிட்டு வெட்டிவிட்டுச் சரியானதை எழுது” என்று ஆண்டுதோறும் கூறி வருபவன் நான். அவ்வுரையை என் முற்றத்தில் மறந்தேன். மறைத்த பிழை கொப்பியில் ஒரு புள்ளியைக் குறைக்கும். முன் சில்லில் அது உயிரையே கொள்ளும்.

நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் பட்டறைத் தொழிலறிந்தோரும் உளர். இவ்விழா நினைவாக அவர்கள் ஒரு தொகுதி டாப்பும் டையும் கல்லூரிக்கு அளித்து, ஆண்டில் ஒரு நாளேனும் மாணவர்க்குப் புரி வெட்டக் கற்பிப்பாராயின் அது பெரும்பணியாகும். முதல் மாணவனாக அமர நான் ஆயத்தமாயிருக்கிறேன்.